ஆப்பைத் தட்டும் நேரம்

நான்கடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ் இரண்டை அருகருகே ஒட்டி, இரண்டின் விளிம்பையும் ஒரே உயரத்தில் நிறுத்துவது பார்க்கிறவர் நினைப்பதைவிடக் கடினம். சூளையில் 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வெந்து வரும் கல் முழுத் தட்டையாக வெளியே வருவது அரிது. நீளம் கூடக் கூட நடுவில் ஒரு மெல்லிய மேடு விழும். அடியில் இருக்கும் பசையும் ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடக்கும். ஒரு மூலையை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கினால் எதிர்மூலை எழும்பும். இதற்காகவே இப்போது சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிளிப்பும் ஆப்பும் வந்திருக்கின்றன. கிளிப்பின் தட்டையான அடிப்பகுதி இரண்டு கற்களுக்கும் கீழே பசைக்குள் போகும். தண்டு இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக மேலே எழும். தண்டிலுள்ள துளையில் ஆப்பைச் செருகி இடுக்கியால் இறுக்கினால், கீழிருந்து அடித்தட்டும் மேலிருந்து ஆப்பும் இரண்டு விளிம்புகளையும் ஒரே மட்டத்தில் கவ்விக்கொள்ளும். பசை இறுகிய பிறகு, பெரும்பாலும் மறுநாள், இடைவெளி ஓடும் திசையிலேயே சுத்தியலால் ஒரு தட்டு. தண்டு கழுத்தில் முறிந்துவிடும், ஆப்பு அடுத்த வேலைக்குப் போய்விடும். அடித்தட்டு மட்டும் யார் கண்ணிலும் படாமல் கல்லுக்கு அடியிலேயே கிடக்கும், தரை இருக்கும் வரை.

இறுக்கிப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டு, உடைபடுவதற்காகவும் செய்யப்பட்ட இந்தப் பொருள், சமயங்கள் நெடுங்காலமாக வாதாடி முடிக்காத ஒரு வழக்கின் நடுவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. விரதம், நியமம், நாள்தவறாத பூசை, உணவிலும் உடையிலும் கட்டுப்பாடு ஆகிய எல்லாமே வெளியிலிருந்து மனிதனை இறுக்குகிறவை. இவை அவனை நேராக்குகின்றனவா, நேராக இருப்பதுபோலக் காட்டுகின்றனவா? நேரான பிறகும் இவை வேண்டுமா? இவையே சமயம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இவைதான் சமயத்துக்குப் பகை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் 'வேண்டுமா, வேண்டாமா' என்றே கேட்கின்றன. கேள்வி அங்கேயே தடம் மாறிவிடுகிறது என்பது என் கட்சி. புறக்கட்டு என்பது அறமும் அல்ல, அறத்தின் எதிரியும் அல்ல. அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. 'இறுகிவிட்டதா' என்ற கேள்விக்கு விடை தெரியாமல், 'வேண்டுமா' என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது.

கிளிப் எதைச் செய்வதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அது கல்லை ஒட்டுவதில்லை, ஒட்டுவது பசை. அந்தப் பசையும் பலர் நினைப்பதுபோல வெயிலில் துணி உலர்வதைப் போலக் காய்வதில்லை. சிமென்ட் நீரோடு வினைபுரிந்து தனக்குள்ளேயே படிகங்களை வளர்த்துக்கொண்டு இறுகுகிறது. ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் அந்த வினை ஒரு நிமிடம்கூட முந்தாது. கிளிப் செய்வதெல்லாம், உள்ளே அந்த வேலை நடக்கும் வரை கல்லை அசையாமல் வைத்திருப்பது மட்டும்தான். ஆகவே அதற்குப் பலன் இருப்பது பசை ஈரமாக இருக்கும்போதுதான். விரித்த பசை கல்லைப் பற்றிக்கொள்ளும் நிலையில் இருப்பது சாதாரணமாக 20 நிமிடம், நீடித்த வகையானால் 30 நிமிடம். அதற்குப் பிறகு மேலே ஏடு கட்டிவிடும். இறுகிய கல்லில் ஆப்பை அடித்தால் தண்டுதான் முறியும். சிறு வயதில் படியாத பழக்கத்தை ஐம்பது வயதில் விரதத்தால் படியவைக்க முயல்கிறவர்கள் அடிக்கடி காண்பதும் இந்த முறிவைத்தான். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் இரண்டாம் பகுதியில், வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாராவதைப்போல நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளனாகிறான் என்று வாதிடுகிறார். நேர்மையாளனாக இல்லாதவன் நேர்மையான செயலை எப்படிச் செய்வான் என்ற மடக்குக் கேள்வியையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். அதற்கு ஆப்பு ஒரு விடை தருகிறது. தானாக நிற்கத் தெரியாத கல்லை நிற்கவைத்திருக்கும் அந்த இடைக்காலத்துக்குள்தான், தானாக நிற்கும் வலு அடியில் பிறக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு பழையது, வலுவானது, தமிழில் சித்தர் வாயால் மிகக் கூர்மையாகச் சொல்லப்பட்டது. நட்ட கல்லையும் முணுமுணுத்த மந்திரத்தையும் எள்ளி நகையாடும் சிவவாக்கியரின் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உள்ளே ஒன்றுமில்லாதபோது வெளியே இருக்கும் ஒழுங்கால் என்ன பயன்? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் கிளிப்பின் உண்மையான ஆபத்தே இதுதான். கீழ்த்தளம் பள்ளமாக இருந்து, பசையும் போதாமல் இருந்தால், ஆப்பின் இறுக்கம் தாழ்ந்த கல்லை மேலே தூக்கிப் பக்கத்துக் கல்லோடு மட்டமாக்கிவிடும். மேலே பார்த்தால் தரை கண்ணாடி. கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே வெற்றிடம். சில மாதம் கழித்துக் கனமான பீரோவின் கால் அந்த இடத்தில் இறங்கும்போதுதான் விரிசல் பேசும். அதனால்தான் நீளப்பக்கம் 15 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கற்களுக்குக் கீழ்த்தளம் 10 அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் மேடுபள்ளமாக இருக்கலாகாது என்று அமெரிக்கத் தரவிதிகள் முன்கூட்டியே கட்டளையிடுகின்றன. கிளிப் இருக்கிறதே என்பதற்காக அந்த விதியில் சலுகை கிடையாது. தளம் சமன்செய்யப்பட்டு, பசை முழுதாகப் பரவிய பிறகு மிஞ்சும் மயிரிழை வேறுபாட்டைத் தீர்ப்பதுதான் ஆப்பின் அதிகாரம். சிவவாக்கியர் தட்டிப் பார்ப்பது இந்த வெற்றிடத்தைத்தான், அதில் அவர் பக்கமே நியாயம். ஆனால் வெற்றிடம் இருப்பதற்குக் காரணம் ஆப்பு இல்லை. பசையின் வேலையை ஆப்பிடம் ஒப்படைத்தவர்தான் காரணம். இரக்கமும் உண்மையும் இல்லாத இடத்தில் விரதத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் செய்வது அதைத்தான்.

ஆப்பு, மட்டம் என்ற இந்த இரண்டு கருவிச் சொற்களும் தமிழ்ப் பேச்சில் என்ன பாடுபட்டிருக்கின்றன என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒருவருக்கு 'ஆப்பு வைத்தார்கள்' என்றால் அவர் காரியம் கெட்டது என்று பொருள். 'மட்டம்' என்றால் சமநிலை, 'மட்டமான ஆள்' என்றால் கீழானவர், 'மட்டம் தட்டுவது' இழிவுபடுத்துவது. சமப்படுத்துவது என்றாலே யாரையோ கீழே அழுத்துவது என்று மொழியே முடிவு கட்டிவிட்டதுபோல் இருக்கிறது. கட்டுப்பாட்டின் மேல் நமக்குள்ள சந்தேகம் புத்தகங்களிலிருந்து வந்தது அல்ல, புழங்கும் சொல்லிலேயே ஊறியது. ஆனால் அதே பேச்சில் ஆப்பைப் பிடுங்கிய குரங்கும் இருக்கிறது. பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் கோயில் கட்டும் இடத்தில், தச்சர்கள் பாதி அறுத்துவிட்டுப் போன மரத்தின் பிளவிலிருந்து ஆப்பை இழுத்து, அந்தப் பிளவு மூடியபோது நசுங்கிச் செத்த குரங்கு. வேலை பாதியில் நிற்கும்போது இழுத்ததுதான் அதன் பிழை. தச்சர்களும் எப்படியும் அந்த ஆப்பை எடுக்கத்தான் போகிறார்கள்.

அகால விடுதலையின் கதை சமய நூல்களிலும் இருக்கிறது, நாம் வழக்கமாக மேற்கோள் காட்டுகிற இடத்துக்கு மிக அருகிலேயே. புத்தர் சொன்ன தெப்பத்தின் உவமை எல்லோருக்கும் தெரியும். புல்லையும் கிளையையும் கட்டித் தெப்பமாக்கி ஆற்றைக் கடந்தவன், நன்றி மிகுதியால் அதைத் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை, தம்மமும் அப்படித்தான். சடங்குகளை உதற விரும்புகிற ஒவ்வொருவர் கையிலும் இந்த உவமை ஓர் ஆயுதம். அது மஜ்ஜிம நிகாயத்தின் 22-ஆம் சூத்திரத்தில் வருகிறது. அந்தச் சூத்திரம் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அரிட்டன் என்ற பிக்கு, தடைகள் என்று புத்தர் சொன்னவை உண்மையில் தடைகளே அல்ல என்று வாதிட்டுத் திரிகிறார். அவரைக் கண்டிக்க எழுந்ததுதான் அந்த உரை முழுதும். தெப்பத்தை விடலாம் என்ற வாக்கியம், ஆற்றின் நடுவே தெப்பத்தை விடப் பார்த்தவருக்கு எதிரான உரையில் இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் திருச்சட்டத்தைப் பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆளோடு ஒப்பிட்டு, விசுவாசம் வந்தபின் அந்த ஆள் தேவையில்லை என்கிறார். அதே கடிதத்தின் பிற்பகுதியில், கிடைத்த சுதந்திரத்தை உடலின் ஆசைக்குச் சாக்காக்காதீர்கள் என்று எச்சரிக்கவும் வேண்டியிருந்தது. கடந்தவர்களுக்குச் சொன்னதைக் கடக்காதவர்கள்தான் முதலில் கேட்டுக்கொள்கிறார்கள் போலும்.

கடந்த பின் எதை விடுவது, எவ்வளவு விடுவது என்பதில் நம் மண்ணின் வேதாந்திகளே பிரிந்து நின்றார்கள். அத்வைத மரபில் துறவு ஏற்கிறவர் குடுமியைக் களைந்து, பூணூலை நீக்கி, ஒற்றைக் கோலோடு நிற்கிறார். கருமங்கள் மனத்தைத் தூய்மை செய்யத்தான், ஞானத்தைப் பிறப்பிக்க அல்ல, ஆகவே தூய்மை வந்தபின் அவற்றுக்கு வேலையில்லை என்பது சங்கரர் வழி. ராமானுஜர் வழிவந்த ஜீயர்கள் துறவிலும் குடுமியும் பூணூலும் தரித்து முக்கோல் ஏந்துகிறார்கள். வேதாந்த தேசிகர் சததூஷணியில் இதற்கென்றே வாதம் வைத்தார். வெளியே நின்று பார்ப்பவருக்கு மயிரையும் நூலையும் பற்றிய சண்டையாகத் தோன்றும். உண்மையில் அது கிளிப்பில் எது தண்டு, எது அடித்தட்டு என்ற சண்டை. குடுமியை விட்டவர்களும் கோலை விடவில்லை, காவியை விடவில்லை, துறவிக்கென்று இருக்கும் நியமங்களை விடவில்லை. முழுவதும் பிடுங்கி எடுப்பது இரண்டு மரபிலுமே பொது வழக்கம் அல்ல. முறிகிற இடம் எது என்பதில்தான் வேறுபாடு.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிவைத்த மரபு அது. ஞானம் வந்தபின் முதல் மூன்றும் உதிர்ந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் பன்னிரண்டு. கடைசிச் சூத்திரம் மலம் நீங்கிய முத்தர் என்ன செய்வார் என்பதைச் சொல்வது. அவர் அடியாரோடு கூடியிருந்து, அவர்கள் திருவேடத்தையும் கோயிலையும் சிவன் என்றே கண்டு தொழுவார். முதல் படியில் செய்ததையே முடிவிலும் செய்கிறார். பௌத்த விநயத்திலும் இதற்கு ஒரு துணை கிடைக்கிறது. மகாகப்பினர் என்ற பிக்கு, நானோ தூய்மை அடைந்துவிட்டேன், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடும் உபோசதத்துக்கு நான் போகத்தான் வேண்டுமா என்று எண்ணுகிறார். அவர் தூய்மையைப் புத்தர் மறுக்கவில்லை. உம்மைப் போன்றவர்களே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள், போய்விட்டு வாரும் என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்புகிறார். அடியாரோடு கூடுதல், சங்கத்தோடு கூடுதல்: இரண்டு இடத்திலும் மிஞ்சி நிற்பது தன்னை இறுக்கிக்கொள்ளும் பகுதி அல்ல, பக்கத்தில் இருப்பவரோடு பொதுவாக உள்ள பகுதி. கிளிப்பின் அடித்தட்டு எப்போதும் ஒரே கல்லின் கீழ் இருப்பதில்லை, இரண்டின் கீழும் பாதிப்பாதியாகக் கிடக்கிறது. உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பசை இறுகிய பின் அந்த பிளாஸ்டிக் எதையும் தாங்குவதில்லை, அது வெறும் மிச்சம். கப்பினரின் உபோசதமோ, இன்னும் ஈரமாக இருக்கும் பக்கத்து மனிதரைத் தாங்குகிறது.

அடுத்த மறுப்பு கண்ணப்பர். ஆகமம் அறியாத வேடர், வாயில் கொண்டுவந்த நீரும் சுவைத்துப் பார்த்த இறைச்சியுமாகக் காளத்தியில் பூசை செய்தார். பெரியபுராணக் கணக்கில் ஆறே நாளில் கண்ணைக் கொடுத்து வென்றார். எந்த ஆப்பும் அவரை இறுக்கவில்லை. அதே பக்கம் நின்று பழைய கொத்தனார்களும் பேசலாம்: நூல் பிடித்து, மட்டப்பலகை வைத்து, ரசமட்டம் பார்த்து, கிளிப் என்ற பெயரே தெரியாமல் ஆத்தங்குடிக் கற்களைத் தளும்பாமல் பதித்தவர்கள். கொத்தனாருக்கு விடை சொல்வது எளிது. சிறிய கல் சிறு பிழைகளை மன்னிக்கும். கனமான கலவைப் படுகையில் அதை ஏற்றி இறக்க நேரமும் இருந்தது. அவர் பிடித்த நூலும் வேலை முடிந்ததும் அவிழ்க்கப்பட்டதுதான். கிளிப் இல்லையே தவிர, கட்டி அவிழ்க்கும் முறை அங்கும் இருந்தது. கண்ணப்பரிடம் அப்படித் தப்பிக்க முடியாது. அந்த அன்பு இந்தப் பிறவியில் செய்த எந்தப் பயிற்சியின் விளைவும் அல்ல என்பதுதான் சேக்கிழார் சொல்ல வந்தது. ஆனால் சேக்கிழார் சிவகோசரியாரைத் துரத்திவிடவும் இல்லை. ஆகம முறைப்படி பூசித்து, புனிதம் கெட்டதே என்று துடித்த அந்த அர்ச்சகரின் கனவில் இறைவனே வந்து, ஒளிந்திருந்து பார் என்கிறார். முறை தவறாதவருக்குத்தான் முறையைக் கடந்த ஒன்றைக் காணும் வாய்ப்பும் கிடைக்கிறது. கண்ணப்பர் இருக்கிறார் என்பதால் விதி பொய்யாகவில்லை. விதியால்தான் எல்லாம் ஆகிறது என்று பெருமையடிப்பவர் வாய் மட்டும் அடைபடுகிறது, அது நல்லதே.

எனக்கே பெரிதாகப் படும் மறுப்பு வேறு. கல் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். மனிதன் அப்படியா? நாற்பது ஆண்டு நேராக நின்றவர் ஒரு சொத்து வழக்கில் சாய்வதையும், ஒரு சாவில் குலைந்துபோவதையும் பார்க்கிறோம். மனம் மறுபடி மறுபடி ஈரமாகிறது. அப்படியானால் ஆப்பை எப்போதுமே எடுக்கக் கூடாதா? கன்ஃபூசியஸ் தம் வாழ்வை வயதுவாரியாகச் சொன்ன இடம் இதற்குப் பயன்படும். மனம் விரும்பிய வழியில் போயும் அளவை மீறாத நிலை தமக்கு எழுபதில் வந்தது என்கிறார். அளவு என்பதற்கு அவர் சொன்ன சொல் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. எழுபதில் மூலைமட்டம் கையில் இல்லை, கைக்குள் இருக்கிறது. பசைப் பையில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் மனிதன் இறுக எடுக்கும் காலம் எவ்வளவு நீளம் என்பதும் புரிகிறது. ஒவ்வொரு முறை ஈரமாகும்போதும் ஆப்பு வேண்டியிருக்கலாம். அதனால் அது நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் அங்குலத்துக்குக் குறைவான இடைவெளியில் பதித்த கற்களுக்கிடையே 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்கிற அதே அமெரிக்க விதி, கல் பிறக்கும்போதே கொண்டுவந்த வளைவை அதன்மேல் தனியாகக் கூட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. விளிம்புகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு கிளிப்பின் கடமை முடிகிறது, கல்லின் பிறவி வளைவை நிமிர்த்தும் பொறுப்பு அதற்கு இல்லை. எல்லாரையும் ஒரே வார்ப்பில் ஊற்ற நினைக்கும் சமயக் கட்டுப்பாடுகள் இந்த ஒரு கணக்கை மறந்துவிடுகின்றன.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆப்புகள் நட்டுக்கொண்டிருக்கும் தரையில் நடக்க முடியாது, கால் தடுக்கும். இடைவெளிகளில் க்ரௌட் நிரப்ப முடியாது, நீர் இறங்கும். அந்தத் தரை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் இன்னும் தரையாகவில்லை. தீட்டும் விலக்கும் பார்த்துப் பார்த்து ஒருவரோடு ஒருவர் புழங்க முடியாமல் போன சமூகங்களை இதோடு பொருத்திப் பார்க்கப் பெரிய கற்பனை வேண்டாம். ஒரு காலத்தில் எதையோ அசையாமல் பிடிக்க அடித்த ஆப்புகள், பிடித்தது இறுகிய பின்னும் எடுக்கப்படாமல், எடுக்கக் கூடாதவை என்ற புனிதமும் பெற்று நிற்கின்றன. சிலவோ எதையும் பிடிக்கவே அடிக்கப்பட்டவை அல்ல, அடுத்தவர் கால் தடுக்கவே அடிக்கப்பட்டவை. அவற்றைப் பற்றி இந்த வாதத்தில் பேச ஒன்றுமில்லை, உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இறுகிவிட்டது என்று யார் சொல்வது? அரிட்டனும் தமக்கு இனித் தடை இல்லை என்றுதான் நினைத்தார், கப்பினரும் தமக்கு இனி நியமம் தேவையில்லை என்றுதான் நினைத்தார். உள்ளிருந்து பார்த்தால் இருவர் நினைப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஒருவர் வெற்றிடத்தின் மேல் நின்றார், ஒருவர் முழுப் பசையின் மேல் நின்றார், வெளியே நின்று தட்டிப் பார்த்தவருக்குத்தான் சத்தம் வேறுவேறாகக் கேட்டது. தன் அடியில் என்ன இருக்கிறது என்று கல்லுக்குத் தெரியாது. குரு, ஆசான், மூத்தோர் என்று எல்லா மரபும் இன்னொருவரின் காதை நாடியதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. அந்தக் காதை எப்படி நம்புவது என்பது நியாயமான பயம், ஏனென்றால் ஆப்பு நட்டிருக்கும் வரைதான் தனக்கு மதிப்பு என்று நினைக்கிற குருமாருக்கு எந்தச் சத்தமும் ஈரமாகவே கேட்கும். கொத்தனாரிடம் அந்தச் சிக்கல் இல்லை. கிளிப் ஒருமுறைதான் உதவும், ஆப்புகள் மீண்டும் மீண்டும் உதவும். அடுத்த வீட்டில் வேலை தொடங்க அவருக்கு அவை வேண்டும். ஆகவே பசை இறுகியதும் சுத்தியலோடு முதலில் வந்து நிற்பவர் அவராகத்தான் இருக்கிறார், தட்டி உடைத்து, ஆப்புகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு போக.